கார் செட்டில் ஜிபிஎஸ் எடுக்கவில்லையா? கேள்வி பதில்

பதினைந்து வருடமாகக் கார் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். ஜிபிஎஸ் எடுக்கவில்லை என்று என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் செட், அதாவது டேஷ்போர்டில் பாட்டும் மேப்பும் ஓடும் திரை, நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு ஆன்டெனாவில் இருக்கும், இல்லையென்றால் ஒயரில் இருக்கும். அது தெரியாமல் புது செட்டுக்குப் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்விகளை அனுப்பச் சொன்னேன்.

சேலத்திலிருந்து: அண்ணா, இரண்டு வருடத்துக்கு முன் வெளிக்கடையில் ஆண்ட்ராய்டு செட் போட்டேன். ஒரு மாதமாக மேப்பில் அம்புக்குறி நகரவே மாட்டேன் என்கிறது. சில நாள் பக்கத்துத் தெருவில் போய் நிற்கிறது. செட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டது, செட்டையே மாற்றணும் என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் வண்டியை மரம், கட்டடம் இல்லாத வெட்டவெளியில் நிறுத்துங்கள். சாட்டிலைட்டுகளின் சிக்னல் அளவைக் காட்டும் இலவச ஆப் ஒன்றை செட்டில் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் ஒரு சிக்னல் எண் காட்டும். அந்த எண் 35க்கு மேல் நாலைந்து சாட்டிலைட்டுக்கு இருந்தால் ஆன்டெனா நல்லது. எல்லாமே 20ஐ ஒட்டிக் கிடந்தால் சிக்னலை ஏதோ ஒன்று தடுக்கிறது. ஒன்றுகூடத் தெரியாவிட்டால் ஒயர் அறுந்திருக்கலாம், ஒயரைச் செருகும் கப்ளர் கழன்றிருக்கலாம்.

அப்புறம் டேஷ்கேம், லைட்டர் சாக்கெட்டில் செருகிய சார்ஜர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். ஜிபிஎஸ் சிக்னல் ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. நம் வண்டிக்கு வந்து சேரும்போது ரொம்பவே மெலிந்துபோயிருக்கும். மலிவான டேஷ்கேம் கிளப்பும் இரைச்சலே அதை மூழ்கடித்துவிடும். பிடுங்கியதும் எண்கள் ஏறினால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

அப்படியும் சரியாகவில்லையா? ஆன்டெனாவைத் தேடுங்கள். தீப்பெட்டி அளவில் கறுப்பாக இருக்கும், அடியில் காந்தம் இருக்கும். போன மாதம் இதே புகாரோடு ஒரு வண்டி வந்தது. டேஷ்போர்டைக் கழற்றினால், வெயிலில் டபுள் சைடு டேப் காய்ந்து உரிந்து, ஆன்டெனா ஏசி குழாய் மேல் குப்புற விழுந்து கிடக்கிறது. உள்ளே இருக்கும் சின்னப் பீங்கான் வில்லை வானத்தைப் பார்த்து இருந்தால்தான் சிக்னல் நன்றாகப் பிடிக்கும். தூசியைத் துடைத்து, புது டேப் போட்டு, முன்கண்ணாடி ஓரமாக டேஷ்போர்டின் மேல் ஒட்டினேன். வண்டியை வெளியே தள்ளி நிறுத்திய இரண்டாவது நிமிடம் பதினோரு சாட்டிலைட். டேப் செலவோடு முடிந்தது.

ஆன்டெனா இடத்தில்தான் இருக்கிறது என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். செட்டின் பின்னால் ஆன்டெனா மாட்டும் இடத்தில், நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் இடையே 3 முதல் 5 வோல்ட் டிசி வரணும். ஆன்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு அதுதான் சாப்பாடு. வோல்ட் வந்தும் சிக்னல் இல்லையென்றால் ஆன்டெனாவை மட்டும் மாற்றுங்கள், சில நூறு ரூபாய்தான். வோல்டே வராவிட்டால்தான் போர்டைச் சந்தேகப்படணும். அளக்கும்போது ஊசியும் வளையமும் ஒன்றோடு ஒன்று பட்டுவிடக் கூடாது. ஷார்ட் ஆனால் நல்ல செட்டும் போய்விடலாம்.

கோவையிலிருந்து: சார், போனை வண்டியோடு இணைத்து, போன் மேப்பை வண்டித் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மேப் போட்டால் ரோட்டில் ஓடும் வண்டி வயலுக்குள் நிற்கிறது. கழற்றினால் போனில் சரியாகக் காட்டுகிறது. போன் கோளாறா?

போன்மேல் தப்பில்லை. பல வண்டிகளில் இணைத்ததும் மேப் தன் இடத்தை வண்டியின் ஆன்டெனாவிடம் கேட்டுக்கொள்ளும். ஆக, கழற்றிப் பார்த்ததிலேயே நீங்கள் பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். கூரையில் சுறாத்துடுப்பு மாதிரி ஆன்டெனா இருந்தால், சமீபத்தில் கூரையில் டிங்கரிங், பெயிண்ட் வேலை நடந்ததா என்று யோசியுங்கள். அப்போது கப்ளர் சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம். கம்பெனி ஒயரிங்கில் ஜிபிஎஸ் கப்ளர் பொதுவாக நீல நிறத்தில் இருக்கும். கழற்றி, 'டிக்' என்று சத்தம் வரும்வரை மறுபடி செருகிப் பாருங்கள். ஆன்டெனா டேஷ்போர்டுக்குள் இருக்கும் வண்டியானால், முன்கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் ஒட்டியிருந்தாலும் இதே கதைதான்.

சென்னையிலிருந்து: கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலே போகும்போது கீழே திரும்பச் சொல்கிறது.

செட் கோளாறு இல்லை. ஜிபிஎஸ்ஸுக்கு உயரக் கணக்கு எப்போதுமே பலவீனம், அதனால் மேல் ரோடா கீழ் ரோடா என்று அடிக்கடி குழம்பும். பாலம் ஏறும் முன்பே ரோட்டில் உள்ள வழிகாட்டிப் பலகையைப் பார்த்து முடிவெடுங்கள்.

திருச்சியிலிருந்து: பழைய செட். இடம் சரியாகக் காட்டுகிறது, ஆனால் தேதி மட்டும் 19 வருடம் பின்னால் போய்விட்டது.

ஜிபிஎஸ் சிக்னல் தேதியை வாரங்களாக எண்ணி அனுப்புகிறது. அந்த வார எண்ணுக்குப் பழையபடி 10 பிட்தான், அதாவது 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும். 1024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அது கிட்டத்தட்ட 19 வருடம் 7 மாதம். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். செட்டின் சாஃப்ட்வேரைப் பொறுத்து சிலவற்றில் வேறு நாளிலும் வரும். கம்பெனி அப்டேட் கொடுத்திருந்தால் போடுங்கள். இல்லையென்றால், இடம் சரியாக இருக்கும்வரை அப்படியே ஓட்டலாம்.

மதுரையிலிருந்து: அண்ணா, செட்டைக் கழற்றி மாட்டியதிலிருந்து, சாவியை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஜிபிஎஸ் பிடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் இடம் மாறியிருக்கும், அல்லது மஞ்சளின் ஃபியூஸ் போயிருக்கும். வெளியில் வாங்கும் செட்களில் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் தரணும், சிவப்பு சாவி போட்டால் மட்டும். சாவியை எடுத்துவிட்டு மஞ்சளில் அளந்து பாருங்கள், தெரிந்துவிடும். நினைவு அழிந்தால் செட் சாட்டிலைட் பட்டியலை முதலிலிருந்து வாங்கும், அது முழுதாக வந்து சேரவே 12.5 நிமிடம் பிடிக்கும்.

ஈரோட்டிலிருந்து: மேப் இருந்த எஸ்டி கார்டை வேறு கார்டில் காப்பி எடுத்துப் போட்டேன். செட் ஏற்கவில்லை.

கம்பெனி மேப் கார்டுகள் பல, அந்தக் கார்டின் அடையாள எண்ணோடு பூட்டப்பட்டவை. காப்பி ஓடாது. பழைய கார்டின் தங்க நிறப் பட்டைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, காய்ந்ததும் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரில் செருகும்போது ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.