கடையில் தரும் பைக்கும் காசா என்று கேட்டவருக்கு

மளிகை விலை ஏறிக்கொண்டே போகிறது, இதில் கேட்காமலேயே பையையும் பில்லில் சேர்த்துவிடுகிறார்கள், வீட்டில் பை குவிந்து கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எரிச்சல் நியாயம்தான். முன்பும் பை சும்மா வரவில்லை. அதன் விலை பொருள்களின் விலைக்குள் ஒளிந்திருந்தது. இப்போது தனியாக வாங்குகிறார்கள், பொருள் விலையையோ அதற்காகக் குறைக்கவில்லை.

அந்தக் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். அயர்லாந்தில் 2002இல் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் விதித்தபோது அது வரி. சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது. பைப் பயன்பாடும் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கடையே வைத்துக்கொள்ளும் கட்டணம் வேறு கதை. அதிகப் பை விற்றால் அவர்களுக்கு லாபம், அதனால்தான் கேட்காமல் போடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

பில் போடத் தொடங்கும் முன்பே 'பை வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். சேர்த்துவிட்டால் அங்கேயே நீக்கச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நிற்கும், சரி, நிற்கட்டும்.

அப்புறம், புதிதாகத் துணிப்பை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே முறை பயன்படுத்திய மெல்லிய பிளாஸ்டிக் பைக்குப் புவி வெப்பமாதல் விஷயத்தில் ஈடாகும். குவிந்திருப்பதிலேயே இரண்டை மடித்து வண்டியில் வையுங்கள். நான் வாசல் கதவுப் பிடியில் மாட்டி வைத்தும், பாதி நாள் மறந்துவிட்டுத்தான் போகிறேன்.