நான்கு வயது மகளுக்கு வாசித்துக் காட்டப் படப் புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தலவாக்கலையில் வசிப்பதாகவும், கடையில் கிடைப்பவற்றுள் எதை வாங்குவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் பல ஆண்டுகளாகக் கதை வாசித்து வருபவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் கடையிலேயே இரண்டு பக்கங்களை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாவில் இடறும் வாக்கியம் பிள்ளையின் காதிலும் இடறும். மொழிபெயர்ப்பு நூல்கள் பலவற்றை நான் இந்த ஒரு சோதனையிலேயே திருப்பி வைத்திருக்கிறேன்.

அடுத்ததாக, எழுத்தில் இல்லாத ஏதாவது ஒன்று படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை, சிறுவன் ஆட்டைத் தேடினான் என்று மட்டுமே எழுதியிருந்த பக்கத்தை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, மாதக்கணக்கில் வகுப்பில் வாய் திறக்காதிருந்த ஒரு பிள்ளை எழுந்து வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தெரிந்த வாலின் மேல் விரலை வைத்து, "டீச்சர், இந்தா இருக்கு!" என்றது. அந்தப் புத்தகத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவது அச்சுத்தாளை மடிக்கும் கணக்கினால்தான் என்றாலும், நல்ல ஓவியர் வலப்பக்கத்தில் ஒரு கேள்வியை நிறுத்தி, பக்கத்தைப் புரட்டியதும் விடையைக் காட்டுவார். அங்கே சற்று நிறுத்தி வாசியுங்கள்.

நம் வாழ்க்கையைக் காட்டும் படங்களை இன்னும் கவனமாகப் பாருங்கள். கொழுந்துக் கூடை வரைந்திருந்த பக்கத்தைக் கண்ட ஒரு சிறுமி, தன் அம்மா சாக்குப் பையைத்தானே கொண்டுபோகிறார் என்று கேட்டாள். அவள் சொன்னதே சரி.

சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகத்தின் தமிழ்–ஆங்கில இருமொழி நூல்கள் கிடைத்தால் வாங்குங்கள். தமிழ்நாட்டு நூல் நாற்காலி என்கிறது, நம் இலங்கைப் பாடநூல் கதிரை என்கிறது என்று தயங்க வேண்டாம். அச்சிலுள்ளபடி வாசித்துவிட்டு, படத்தைத் தொட்டு நம் சொல்லையும் சொல்லுங்கள், பிள்ளைக்கு இரண்டும் பதியும்.

விலை தடையாக இருந்தால், பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம். லயத்து அறையில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டு அறையில், மாலை வெளிச்சம் குறைவு என்பதால், ஏ4 தாளைவிடச் சிறியதாக அச்சிடாதீர்கள். மடியில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஆட்டின் வால் தெரிய வேண்டும்.