வித்தியாசமான வயலின் வாங்கும் முன்

கேள்வி: மகள் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறாள். ஐந்து தந்தி வயலின் கேட்கிறாள். கீழ் ஸ்தாயி நன்றாகப் பேசுமா?

பதில்: பேசும், ஆனால் வயோலாவின் (வயலினைவிடப் பெரிய, கீழ் ஸ்தாயி வாத்தியம்) கனம் வராது. வயலின் உடலுக்குள் இருக்கும் காற்று 270–280 ஹெர்ட்ஸ் அருகில்தான் நன்றாக ஒத்ததிரும். கீழே கூடுதலாக வரும் ஐந்தாவது தந்தியின் மேற்கத்திய சுருதி 131 ஹெர்ட்ஸ். அந்த அடிநாதத்தைச் சின்னப் பெட்டி வெளியே தள்ளுவது மிகக் குறைவு. மேலே எழும் அனுநாதங்களை வைத்துக் காதுதான் மீதியை நிரப்பிக்கொள்கிறது. பக்கவாட்டில் சுற்றிவரும் விலாப் பலகை உயரமாகவும் உடல் அகலமாகவும் செய்த ஐந்து தந்தி வயலின் கிடைத்தால் அதையே பாருங்கள்.

கடைக்கு ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். நான்கு தந்தி வயலினில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் முதல் தந்திக்கும் கடைசித் தந்திக்கும் நடுவே 33–34 மி.மீ. இருக்கும், ஆக இடைவெளி 11 மி.மீ. அதே அகலத்தில் ஐந்தைத் திணித்தால் எட்டரையைத் தாண்டாது. வில் பக்கத்துத் தந்தியை உரசிக்கொண்டே இருக்கும். எட்டரைக்குக் கீழே அளவு காட்டினால் பேரம்கூடப் பேச வேண்டாம்.

சிலர் வயோலாவின் தடித்த தந்தியை வெட்டி மாட்டித் தந்துவிடுவார்கள். அது சுமார் 370 மி.மீ. நீளத்துக்கு ஆனது, வயலினில் அதிரும் நீளம் 328 மி.மீ. அதே சுருதியில் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். நம் ஸ-ப-ஸ-ப சுருதிக்கு இறக்கினால் இன்னும் தொய்யும். தொய்ந்த தந்தியில் விரலை அழுத்தினாலே சுரம் ஏறிவிடும், கமகம் பிசகும். வயலின் நீளத்துக்கென்றே சுற்றிய தந்தியா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கொம்பு வைத்த பழைய ஸ்ட்ரோ வயலின் ஏலத்துக்கு வருகிறது. கச்சேரிக்கு உதவுமா?

பதில்: உதவாது. 1899-இல் லண்டனில் அகஸ்டஸ் ஸ்ட்ரோ காப்புரிமை பெற்றது இது. மைக் வருவதற்கு முந்தைய ஒலிப்பதிவுக் கூடங்களில், பதிவுக் கருவியின் கொம்பை நோக்கி ஒலியைச் செலுத்த உதவியது. மரப்பெட்டி கிடையாது, பிரிட்ஜின் அசைவு நெம்புகோல் வழியாக ஒரு உலோகச் சவ்வுக்குப் போய்க் கொம்பில் வெளிவரும். மூக்கடைத்த, கூர்மையான நாதம். கொம்புக்கு எதிரே இருப்பவருக்கு உரக்கவும், பக்கத்தில் இருப்பவருக்கு மெலிந்தும் கேட்கும். சேகரிப்புக்கு என்றால் வாங்கலாம். சவ்வைப் பிடிக்கும் ரப்பர் இறுகியிருந்தால் நாதம் கரகரக்கும், ஆகவே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: சரிவகப் பெட்டி போன்ற தட்டைப் பலகை வயலின் மலிவாக இருக்கிறது. ஏமாற்றா?

பதில்: வடிவத்தில் ஏமாற்று இல்லை. பிரான்சின் ஃபெலிக்ஸ் சாவார் 1819-இல் செய்த சரிவக வயலினை, பக்கத்து அறையில் ஒரு நல்ல வயலினோடு மாற்றி மாற்றி வாசிக்கச் செய்து கேட்ட பாரிஸ் குழு, அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. கவலை பலகையைப் பற்றித்தான். பிரிட்ஜ் கீழே அழுத்தும் பாரம் ஏழெட்டு கிலோ. வளைவான மேற்பலகை அதைத் தாங்கிக்கொள்ளும், தட்டையானது மெல்ல அமுங்கும். பிரிட்ஜின் இரு பக்கமும் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, பள்ளம் தெரிகிறதா பாருங்கள். ஒட்டுப்பலகை என்றால் வேண்டாம்; கனம்தான் கூடும், நாதம் அடைத்துப்போகும்.