கேள்வி – பதில்: ஜாவா கிராமத்தில் நிலமும் முதலும்

என் மனைவி இந்தோனேசியக் குடிமகள், நான் மலேசியன். வொனோசோபோ பக்கம் அவருடைய ஊரில் அரை ஹெக்டேர் வயல் விலைக்கு வருகிறது. மனைவி பெயரில் கிரயம் செய்தால் போதும்தானே?
– வாசகர், ஜொகூர் பாரு

போதாது. 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டம், முழு உடைமையான ‘ஹக் மிலிக்’ உரிமையை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. 1974 திருமணச் சட்டப்படி, மணமான பிறகு வாங்கும் சொத்து இருவருக்கும் பொது. பத்திரத்தில் மனைவி பெயர் மட்டும் இருந்தாலும் உங்கள் பங்கு அதில் கலந்துவிடுகிறது. அப்படிக் கலந்த ஹக் மிலிக்கை ஓராண்டுக்குள் கைமாற்றாவிட்டால் உரிமை அழிந்து நிலம் அரசுக்குப் போய்விடும்.

இதற்கு வழி, சொத்துப் பிரிவினை உடன்படிக்கை. முன்பு கல்யாணத்துக்கு முன்பே எழுதியிருந்தால்தான் செல்லும். 2016-இல் அரசமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, மணமானவர்களும் எழுதலாம். நோட்டரி முன் எழுதி, திருமணம் பதிவான அலுவலகத்திலேயே அதையும் பதிய வேண்டும். பதியாவிட்டால் மூன்றாம் நபரை அது கட்டுப்படுத்தாது. உடன்படிக்கை முதலில், கிரயம் பிறகு. இந்த வரிசை மாறக்கூடாது.

இன்னொரு கண்ணி பலர் கண்ணில் படுவதில்லை. 1961-இன் அரசாணை எண் 224-படி, விளைநிலத்தின் உடைமையாளர் அந்தக் கெச்சமத்தானிலேயே, அதாவது நம் வட்டம் போன்ற பிரிவிலேயே, குடியிருக்க வேண்டும். அடுத்த கெச்சமத்தான் என்றால், நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் தொலைவில் இருக்க வேண்டும். மனைவியும் உங்களோடு ஜொகூரில் இருந்தால் வயல் வாங்குவதே சிக்கல். வீட்டுமனைக்கு இந்த விதி கிடையாது.

காகிதம் பார்க்கும்போது, ‘கிரிக்’, ‘பெத்தோக்’ என்று பழைய வரிச்சீட்டைக் காட்டினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். 2021-இன் அரசாணை எண் 18 அவற்றைப் பதிய ஐந்தாண்டுத் தவணை கொடுத்தது. 2026 பிப்ரவரியோடு அது முடிந்தது. இனி அவை உடைமைச் சான்று அல்ல, வெறும் குறிப்பு. சான்றிதழ் இருந்தால், நிலப்பத்திர அலுவலர் மூலம் மாவட்ட நில அலுவலகத்தில் வில்லங்கம் பாருங்கள். தகராறு அதிகம் வருவது வாரிசு நிலத்தில்தான். தகப்பன் பெயரிலேயே சான்றிதழ் கிடக்கும். கலிமந்தானில் தோட்ட வேலைக்குப் போன ஒரு தம்பி கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்திட்டு, பெயர் மாற்றம் முடிந்த பிறகே முன்பணம் கொடுங்கள். கிரய மதிப்பில் செலவுக் கணக்கு: வாங்குபவருக்கு வரிவிலக்குத் தொகை போக 5 சதவீத வரி, விற்பவருக்கு 2.5 சதவீத வரி, நிலப்பத்திர அலுவலருக்கு 1 சதவீதத்துக்கு மிகாமல்.

மனைவி இல்லை, நம்பகமான நண்பர் இருக்கிறார். அவர் பெயரில் வாங்கி, தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டால்?
– வாசகர், சிங்கப்பூர்

அதே 1960 சட்டத்தின் 26-ஆம் பிரிவு இதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. நேராகவோ மறைமுகமாகவோ ஹக் மிலிக்கை வெளிநாட்டவருக்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு செல்லாது, நிலம் அரசுக்கு, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. அந்தத் தனி ஒப்பந்தம்தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

நான் மேடானில் பிறந்த இந்தோனேசியத் தமிழ்ப் பெண். ஜாவாவில் உறவினர் ஒருவர் தன் நெல்வயலை 2 கோடியே 10 லட்சம் ரூப்பியாவுக்கு ஒத்திக்குத் தருகிறேன் என்கிறார். பணத்தைத் திருப்பும் வரை விளைச்சல் எனக்காம். லாபமா?
– வாசகி, மேடான்

ஊர் வழக்கில், பணம் திரும்பும் வரை வயல் உங்களிடம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1960-இன் அவசரச் சட்டம் எண் 56-இன் 7-ஆம் பிரிவுப்படி, ஒத்தி ஏழு ஆண்டு ஆகிவிட்டால், நின்ற பயிர் அறுவடையான ஒரு மாதத்துக்குள் வயலைச் சும்மாவே திருப்பித் தர வேண்டும். அதற்கு முன் மீட்டால் முழுத்தொகை கிடைக்காது. ஏழரையில் கழிந்த ஆண்டுகளைக் கழித்து, ஏழால் வகுத்து, ஒத்திப் பணத்தால் பெருக்கவேண்டும். நான்காம் ஆண்டு முடிவில் அவர் மீட்டால் மூன்றரையை ஏழால் வகுக்கப் பாதி. 1 கோடியே 5 லட்சம்தான் உங்களுக்கு. ஆக, முதல் உங்கள் கைக்கு வரவேண்டியது விளைச்சலில்தான். ஆண்டுக்கு இரண்டு போகம் நிச்சயம் என்றால் யோசிக்கலாம். வானம் பார்த்த பூமி என்றால் வேண்டாம்.

ஒத்தி எடுத்தாலும் உழப்போவது நீங்கள் அல்ல, வாரத்துக்குத்தான், அதாவது விளைச்சலில் பங்குக்குத்தான், விடுவீர்கள். பாதிக்குப் பாதி என்றால் ‘மாரோ’, மூன்றில் ஒன்று என்றால் ‘மெர்த்தெலு’. 1960-இன் வாரச் சட்டம் எண் 2, ஊர்த் தலைவர் முன் எழுத்தில் ஒப்பந்தம் போடச் சொல்கிறது. நன்செய்க்குக் குறைந்தது 3 ஆண்டு, புன்செய்க்கு 5 ஆண்டு. கிராமத்தில் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். நீங்கள் எழுதியே வாங்குங்கள். விதை, உழவு, அறுப்புக் கூலி யார் தலையில், செலவைக் கழித்த பிறகு பங்கா, கழிக்கும் முன்பா என்பது அதில் இருக்க வேண்டும். சண்டை வருவது இந்தக் கடைசி வரியில்தான்.

மானிய உரம், உழவர் குழுவில் பெயருள்ள பயிரிடுபவருக்கு 2 ஹெக்டேர் வரைதான் கிடைக்கும். உங்கள் வாரக்காரர் பட்டியலில் இல்லையென்றால் யூரியா வெளிவிலைக்கு வரும். லாபம் அதிலேயே கரையும். அறுப்புக்கு முன் ‘பெனெபாஸ்’ எனும் வியாபாரி வந்து, நின்ற பயிரைக் கண்மதிப்பில் பேசி வாங்குவார். அந்த விலை சரியா என்று பார்க்க ஓர் அளவுகோல்: 2025 ஜனவரி முதல் அரசு கொள்முதல் விலை, அறுத்த நெல் கிலோவுக்கு 6,500 ரூப்பியா.

செங்கோன் மரம் நட்டால் ஐந்தாண்டில் பணம் பல மடங்கு என்று விளம்பரம் வருகிறதே?
– வாசகர், கிள்ளான்

மரம் வேகமாக வளர்வது உண்மை. 5 முதல் 7 ஆண்டில் வெட்டலாம். மூன்று மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 1,111 குழிகள். விளம்பரம் அத்தனையையும் விற்றுவிடும். பனி படியும் மேட்டு நிலத்தில் கிளை நுனியில் பழுப்பு முண்டுகளாகத் துருநோய் வரும். இளங்கன்றுகள் அதிலேயே பட்டுப்போகும். பட்டைக்குள் ‘போக்தோர்’ வண்டின் புழு வேறு. பட்டையில் பிளவும் மரத்தூளும் தெரிந்தவுடன் அந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தாவிட்டால் பக்கத்து மரங்களுக்கும் பரவும். லாரி வராத இடமென்றால் சுமைகூலியை மரவிலையில்தான் கழிப்பார்கள். நிலம் யாருடையது என்றும் கேளுங்கள். ஜாவா மலைச்சரிவுக் காடுகள் பல அரசு வனக்கழகமான பெர்ஹுத்தானி வசம் உள்ளன; அங்கே பயிரிடும் உழவருக்கு அந்த நிலத்தை விற்கும் உரிமை கிடையாது.

வெளிநாட்டவர் முறையாக முதலிட, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்க வேண்டும். அதற்குப் பொதுவாக 1,000 கோடி ரூப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் தேவை. அது இல்லாமல் உழவர் கையில் கொடுப்பதை வெறும் கடன் என்றே எண்ணிக் கொடுங்கள்.

மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகிறோம். கிராமத்தில் மின்சாரம், தண்ணீர் எப்படி?
– வாசகி, பினாங்கு

பல வீடுகளில் 900 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) அளவு மின் இணைப்புதான்; 4 ஆம்பியர் தாண்டினால் விழுந்துவிடும். சோறு குக்கர் 400 வாட், மிக்ஸி 750 வாட். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இருட்டுதான். தண்ணீர் மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். 1,300 வி.ஏ.-க்கு உயர்த்தச் சொல்லுங்கள்; அதில் 6 ஆம்பியர். முன்பணம் கட்டும் மீட்டர் என்றால் கட்டணம் தீரும்போது கூவும்.

கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் 10 மீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று மகளை அளக்கச் சொல்லுங்கள். கிணற்று ஆழத்தை ஆகஸ்ட், செப்டம்பரில் பார்த்தால்தான் உண்மை தெரியும். போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் கடவுச்சீட்டு நகலோடு ‘பாக் எர்.தே.’ எனும் தெருத் தலைவரிடம் பதிந்துவிடுங்கள். மலேசிய மூன்று முனைப் பிளக் அங்கே செருகாது; உருண்டை இரட்டை முனைக்கு ஒரு மாற்றி (அடாப்டர்) வேண்டும். மிக்ஸிக்கு அது 10 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும்.