குடும்பத்தோடு பாரிஸ் வருகிறீர்களா? கேள்விகளும் என் பதில்களும்

கே: அண்ணா, ஜூன் மாதம் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மெட்ரோ சரிப்படுமா?

சரிப்படாது தம்பி. பாரிஸ் மெட்ரோ 1900இல் ஓடத் தொடங்கியது. 14ஆம் தடத்தில்தான் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. மற்ற தடங்களில் பெரும்பாலும் படிகள்தான். ரயில் மாற வேண்டுமென்றால் இறங்கி, நெடுக நடந்து, மறுபடி ஏற வேண்டும். இரண்டு தடவை மாறினாலே அம்மாவுக்கு அன்றைய பொழுது முடிந்துவிடும். பேருந்தில் போங்கள். ஏறுவதற்குத் தாழ்வாக இருக்கும், சக்கர நாற்காலிக்குச் சாய்பலகையும் விரியும். 69ஆம் எண் பேருந்து ஈஃபில் கோபுரத்துப் பக்கம் கிளம்பி லூவ்ர் அருங்காட்சியகம், பாஸ்தி சதுக்கம் வழியாகப் போகிறது. அம்மாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள், பாதி ஊரை உட்கார்ந்தபடியே பார்த்துவிடுவார். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம் போதும். முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வரும் எல்லோருக்கும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

கே: ஈஃபில் கோபுரத்தில் உச்சிவரை போகத்தான் வேண்டுமா?

தேவையில்லை. இரண்டாம் தளத்திலிருந்தே ஊர் அழகாகத் தெரியும், கட்டடங்களையும் அடையாளம் காணலாம். லிஃப்ட் டிக்கெட்டைக் கோபுரத்தின் சொந்த இணையதளத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள். படியேறுவதென்றால் இரண்டாம் தளம்வரை 674 படிகள். இருட்டிய பிறகு மணிக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க விளக்குகள் மின்னும். அதற்கு ஆற்றின் எதிர்க்கரையில், திரொகாதெரோ மேட்டில் நில்லுங்கள். ஆனால் ஜூனில் இருட்டுவதற்கே இரவு பத்து மணி தாண்டிவிடும், சின்னப் பிள்ளைகளை மதியம் தூங்க வையுங்கள்.

கே: ஆறு வயதுப் பையனையும் லூவ்ருக்குக் கூட்டிப்போகலாம் என்று என் அக்கா சொன்னார், சரிதானா?

அக்கா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் மோனாலிசாவில் தொடங்காதீர்கள். 77க்கு 53 சென்டிமீட்டர் படம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் நிற்கும் கூட்டத்தில் பையனுக்குப் பெரியவர்களின் முதுகுதான் தெரியும். நேராகக் கீழ்த்தளத்துக்குப் போங்கள். லூவ்ர் அரண்மனையாவதற்கு முன் கோட்டையாக இருந்தது. 12ஆம் நூற்றாண்டின் அந்தக் கோட்டைச் சுவரை ஒட்டி, பழைய அகழி இருந்த இடத்திலேயே நடக்கலாம். பக்கத்திலேயே எகிப்துப் பகுதி, சிங்க உடலும் மனித முகமுமாகப் பெரிய ஸ்பிங்க்ஸ், மம்மி எல்லாம் உண்டு. ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். 18 வயதுக்குள் கட்டணம் இல்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

கே: நோத்ர தாம் திறந்துவிட்டார்களா?

2019 ஏப்ரலில் தீப்பிடித்த தேவாலயம் 2024 டிசம்பரில் திறந்தாயிற்று. உள்ளே போக இலவசம். யாராவது நுழைவுச் சீட்டென்று விற்றால் வாங்காதீர்கள்.

கே: மாமியார் முட்டைகூடச் சாப்பிடமாட்டார். என்ன செய்வது?

லா ஷப்பேல் இருக்கிறதே! கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஈழத்திலிருந்து வந்த நம் மக்கள் உருவாக்கிய கடைத்தெரு. பலகைகள் தமிழில், இட்லி, தோசை, மரக்கறிச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். மாணிக்க விநாயகர் கோயிலும் அந்தப் பகுதியில்தான். கோடை முடிவில் தேர் வரும்போது வீதியில் தேங்காய் மலைபோல் உடைப்பார்கள், அந்தச் சமயம் வந்தால் தவறவிடாதீர்கள். மற்ற உணவகங்களில் 'சைவம்' என்றால் முட்டையும் சீஸும் இருக்கலாம். இங்குள்ள சீஸ் பலவற்றில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்ததைச் சேர்க்கிறார்கள், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். குடிக்க 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் காசில்லாமல் வரும். நல்ல தண்ணீர்தான்.

கே: நான்கு நாளில் வெர்சாய் அரண்மனை, டிஸ்னிலேண்ட் இரண்டும் முடியுமா?

இரண்டும் ஊருக்கு வெளியே, ஒவ்வொன்றும் ஒரு முழு நாளைத் தின்னும். பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் வெர்சாயை விடுங்கள். லக்சம்பர்க் தோட்டத்துக் குளத்தில் மரத்தாலான பொம்மைப் பாய்மரப் படகு வாடகைக்குத் தருவார்கள், கூடவே ஒரு நீளக் குச்சியும். தள்ளிவிட்டால் காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். பிள்ளைகள் கரையைச் சுற்றி ஓடிப்போய், வந்து சேருமிடத்தில் மறுபடி தள்ளுவார்கள். பெரியவர்கள் இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம்.

கே: பிக்பாக்கெட் பயம் உண்டா?

உண்டு. கைப்பையை முன்பக்கம் மாட்டுங்கள், போனை மேசைமேல் வைக்காதீர்கள். சாக்ரெ கேர் தேவாலயப் படிகளில் யாராவது கையில் கயிறு கட்ட வந்தால் கையை இழுத்துக்கொண்டு நடந்துவிடுங்கள், நின்று பேச வேண்டாம்.