பழுப்புக் குள்ளனுக்கும் உலோக ஹைட்ரைடுக்கும் என்ன தொடர்பு?

நட்சத்திரமாகும் அளவுக்கு நிறை சேராமல் பாதியில் நின்றுபோன வாயு உருண்டைதான் பழுப்புக் குள்ளன். வியாழனைப் போல சுமார் 13 முதல் 80 மடங்கு நிறை இருக்கும். (பெயர்தான் பழுப்பு, நிறம் மங்கிய சிவப்பு.) உலோக அணுவும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் உலோக ஹைட்ரைடு. இங்கே முக்கியமானவை இரும்பு, குரோமியம் ஹைட்ரைடுகள்.

மிகச் சூடான நட்சத்திரங்களில் இந்த ஜோடி பிரிந்துவிடும். பழுப்புக் குள்ளனின் வளிமண்டலம் 2,000 கெல்வின் அளவுக்கு ஆறும்போது ஜோடி நிலைக்கிறது, ஹைட்ரஜனுக்கும் பஞ்சமில்லை. அதைவிட முக்கியம், அதுவரை ஒளியை மறைத்துக்கொண்டிருந்த டைட்டானியம் ஆக்சைடு அந்தச் சூட்டில் தூசியாக உறைந்து கீழே இறங்கிவிடுகிறது. அப்புறம்தான் ஹைட்ரைடுகளின் கருமையான பட்டைகள் நிறமாலையில் (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும்போது) எடுப்பாகத் தெரியும்.

மதுரையில் மார்கழிக் காலையில் அடுப்படியைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் தளதளவென்று இருக்கும். குளிர் ஒன்றுதான், உறையும் சூடுதான் வேறு. பழுப்புக் குள்ளன் இன்னும் ஆறினால் இரும்பும் துளிகளாகி மேகமாகிவிடும். இரும்பு ஹைட்ரைடு மங்கத் தொடங்கும்.

ஹைட்ரைடு தெரிந்தாலே அது பழுப்புக் குள்ளன் என்று நினைத்துவிட வேண்டாம், குளிர்ந்த சிவப்புக் குள்ள நட்சத்திரங்களிலும் அது உண்டு.