பதில்: எஸ்கியூஎஸ் வரிசையில் ஒரே டாஸ்க்கை இரண்டு ஏஜென்ட் எடுக்கிறது

வணக்கம். எஸ்கியூஎஸ் (வேலைகளை மெசேஜ்களாக வரிசையில் வைக்கும் அமேசான் சேவை) வரிசையிலிருந்து உங்கள் ஏஜென்ட்கள் (வேலையை எடுத்துச் செய்யும் ஏஐ நிரல்கள்) டாஸ்க் எடுக்கும்போது, வாடிக்கையாளருக்கு ஒரே மின்னஞ்சல் இரண்டு முறை போகிறது, லாக்கில் பிழையே இல்லை என்கிறீர்கள். காரணம் நேரம்தான். உங்கள் எல்எல்எம் (ஏஐ மொழி மாதிரி) அழைப்பு 45 நொடி ஓடுகிறது. விசிபிலிட்டி டைம்அவுட்டை (ஒரு ஏஜென்ட் எடுத்த மெசேஜ் மற்றவற்றுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நேரம்) மாற்றாமல் விட்டால் அது 30 நொடி. அது கடந்ததும் மெசேஜ் மறுபடி தெரியும், அடுத்த ஏஜென்ட் எடுத்துவிடும்.

உறுதிசெய்ய, மெசேஜ் ஐடியையும் அப்ராக்சிமேட் ரிசீவ் கவுண்ட்டையும் (அந்த மெசேஜ் சுமார் எத்தனை முறை எடுக்கப்பட்டது என்ற எண்) லாக்கில் எழுதுங்கள். எண் 2 ஆகி, இடைவெளியும் சுமார் 30 நொடி என்றால் இதேதான். டைம்அவுட்டை 300 நொடி ஆக்குங்கள்.

ஆனால் ஸ்டாண்டர்ட் கியூ (எஸ்கியூஎஸின் சாதாரண வகை வரிசை) எப்போதாவது ஒரே மெசேஜை இரட்டையாகத் தரத்தான் செய்யும். ஆகவே அனுப்பும் முன் டாஸ்க் ஐடியை டைனமோடிபி தரவுத்தளத்தில், 'ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும்' என்ற நிபந்தனையோடு பதியுங்கள். 'தொடங்கியது', 'அனுப்பியாயிற்று' என இரு நிலைகள் வையுங்கள். இல்லையென்றால், பதிந்தபின் அனுப்பும் முன் ஏஜென்ட் விழும்போது, அடுத்த ஏஜென்ட் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று விட்டுவிடும், மின்னஞ்சல் போகாமலே நின்றுவிடும். ட்ரேஸ்பேரன்ட்டை (ஓட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கும் அடையாளக் குறி) மெசேஜ் ஆட்ரிபியூட்டில் (மெசேஜோடு போகும் கூடுதல் விவரம்) அனுப்பினால் இரண்டு ஓட்டமும் ஒரே ட்ரேஸில் (படிப்படியான செயல் பதிவு) தெரியும்.